ஈ உட்காராத சோறு

பசி முதல் நாள் வயிற்றில் இருக்கும். இரண்டாம் நாள் முதுகுக்குப் போகும். மூன்றாம் நாள் தலையில் ஏறிக் காதுக்குள் வண்டு மாதிரி சத்தம் போடும். துலுக்காணத்துக்கு அந்தச் சத்தமும் நின்றுபோயிருந்தது. முழங்காலுக்குக் கீழே இருப்பது யாருடைய கால் என்றே தெரியவில்லை. எதுவுமே தின்னவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு வேளை கேழ்வரகுக் கூழ், மாவைவிடத் தண்ணீர் அதிகமாக. மக்காச்சோள மாவை அவன் பெண்சாதி செல்லியம்மாள் கிண்டிக் கொடுத்தாள். அது உள்ளே போன வேகத்தில் வெளியே போனது. சோறு என்று ஒன்றைக் கண்ணால் பார்த்துப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

அறுபத்தாறாம் வருஷத்து வைகாசி. ஆரணி ஆற்றில் மணல் மட்டும் கிடந்தது. பெரியபாளையத்துக்கு மேற்கே இரண்டு மைலில் இருந்த அந்த ஊரில், ரங்கசாமியின் பம்புசெட்டுக் கிணற்றைச் சுற்றி நான்கு காணி பச்சையாக இருந்தது. மற்றதெல்லாம் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. சேரியில் யாருக்கும் வேலை இல்லை. கண்ட்ரோல் கடைப் பலகையில் கார்டுக்கு இவ்வளவு அரிசி என்று வாரா வாரம் எழுதினார்கள். எழுத்து மட்டும் தவறாமல் வந்தது.

என்றைக்காவது அரிசி வந்தால் அந்த மூட்டையை மண்ணெண்ணெய்ப் பீப்பாய்க்குப் பக்கத்திலேயே அடுக்குவார்கள். கடையில் வேறு இடம் கிடையாது. ஏழு தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் உலை கொதிக்கும்போது குடிசை முழுக்க மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். சேரியில் எல்லாரும் அதைத்தான் தின்றார்கள். தெருவில் விளையாடுகிற பிள்ளைகள் அந்த வாடையைப் பிடித்துத்தான் எந்த வீட்டில் சோறு வேகிறது என்று கண்டுபிடிக்கும்.

ரங்கசாமி அந்த ஊர் முன்சீப்பும்கூட. பிறப்பு, இறப்பு, தீர்வை எல்லாம் அவர் எழுதுவதுதான். அவர் ஆளனுப்பித் துலுக்காணத்தைக் களத்துக்குக் கூப்பிட்டார்.

"ஏண்டா துலுக்காணம், சினிமாவுல வேலை செய்றியா?"

"இன்னா வேலைங்க அய்யா?"

"துன்ற வேலை."

துலுக்காணம் தலையைச் சொறிந்தான். அய்யா கேலி செய்கிறார் என்றால் சிரிக்க வேண்டும். கேலி இல்லை என்றால் சிரிக்கக் கூடாது.

"மெய்யாலுமேதாண்டா. நாளன்னிக்கு நம்ம களத்துல கல்யாணப் பந்தி படம் புடிக்கிறான். அறுவது பேரு வோணுமாம். ஊர்ல இருக்கறவன் எவனும் அவன் ஊட்டுப் பொம்பளைய கேமரா எதிர்ல குந்தவெக்க மாட்டான். அதான் உங்கள இட்டாரச் சொல்லிக் கீறேன். தலைக்கு ரெண்டு ரூபா. வேலை முடிஞ்சா ஒரு சாப்பாட்டுப் பொட்டலம்."

"துன்னு முடிச்சப்பால எதுக்குங்க பொட்டலம்?"

"அவன் கிட்டயே கேளு. எனக்குக் களத்து வாடகை வந்துடுச்சு."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து துலுக்காணம் சொன்னதைச் செல்லியம்மாள் நம்பவில்லை. "துன்றதுக்குக் கூலி குடுக்கறானா? எந்த ஊருக் கூத்துயா இது? வெயில்ல மண்டை காஞ்சி எதையாவது கேட்டுக்கினு வந்துட்டியா?"

"அய்யா வாயால சொன்னார்டி."

"அவுரு வாயாலதான் போன வருசம் எனக்குப் பொடவ வந்துச்சு."

இருந்தாலும் போனார்கள். இரண்டு நாளும் செல்லியம்மாளுக்கு வேறு நினைப்பு இல்லை. பணத்தைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. இவன் ஒரு வேளை வயிறு முட்டச் சோறு தின்றுவிட்டால் எழுந்துவிடுவான், எழுந்தால் அவன் தம்பி அருணகிரியோடு கும்மிடிப்பூண்டிப் பக்கம் செங்கல் சூளைக்கு அனுப்பிவிடலாம் என்பதுதான் அவள் யோசனை. சூளையில் எலும்பும் தோலுமாக வருகிறவனைச் சேர்ப்பதில்லை. ஒரு வேளைச் சோறு, அதற்கு மேல் ஒரு வேலை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

காலை ஏழு மணிக்கெல்லாம் அறுபது பேரும் களத்தில் நின்றார்கள். பந்தல் போட்டு வாழை கட்டியிருந்தது. கம்பெனி ஆட்கள் டிரங்குப் பெட்டிகளைத் திறந்து ஜிப்பாவும் சரிகைத் துண்டும் எடுத்துக் கொடுத்தார்கள். எல்லாவற்றிலும் வேறு யாருடைய வேர்வையோ நாறியது. துலுக்காணத்துக்குக் கிடைத்த ஜிப்பாவுக்குள் இன்னொரு துலுக்காணம் நுழையலாம். செல்லியம்மாளுக்குப் பட்டு மாதிரி மினுக்குகிற ஒரு சேலையும் கல் வைத்த தோடும் கொடுத்து, பெயர் கேட்காமல் எண்ணிக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எண்ணிக்கை எடுத்தவர் கம்பெனி மேனேஜர் பரசுராமன். ஒரு கையில் குடையும் ஒரு கையில் நோட்டுமாக, யாரைப் பார்த்தாலும் "ஏய்" என்று கூப்பிடுகிறவர்.

ரங்கசாமி நாற்காலி போட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். "என் களத்துல, என் ஆளுங்க, எனக்கு எதிர்ல ஜிப்பா போட்டுக்கினு குந்திக்கினு கீறாங்க பாரு. டேய் துலுக்காணம், நாளைக்கு என்னைய பேர் சொல்லிக் கூப்பிடுவியாடா?"

"அய்யோ, இன்னாங்க அய்யா!" என்று துலுக்காணம் ஜிப்பாவோடு எழுந்து நின்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

எட்டு மணிக்கு இலை போட்டார்கள். சோறு, பருப்பு, இரண்டு பொரியல், வடை, அப்பளம், பாயசம். வெள்ளை வெளேரென்று சோற்றைக் குவித்தார்கள். அறுபது பேரும் வாயை மூடிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்தியில் எல்லா இலைக்கும் பரிமாறி முடித்து, பெரியவர்கள் சொன்ன பிறகுதான் கை வைக்க வேண்டும். அது அவர்களுக்குத் தெரியும். கல்யாணத்தில் எச்சில் இலை எடுக்கப் போய் ஓரமாக நின்று பார்த்துப் பழகியது. பரிமாறியாகிவிட்டது. ஆனால் யாரும் சொல்லவில்லை. ஒன்பது மணி ஆனது. விளக்கு வைத்தார்கள், மாற்றினார்கள், மறுபடி முதல் இடத்திலேயே வைத்தார்கள். கதாநாயகன் தூரத்தில் காருக்குள் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கிலிருந்து எதையோ குடித்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு ஈ வந்துவிட்டது. சோறு கறுப்பாகத் தெரிகிறது என்று கேமரா மிஷினுக்குப் பின்னால் இருந்தவர் சத்தம் போட்டார். உடனே ஒரு ஆள் மண்ணெண்ணெயில் கரைத்த பூச்சிமருந்து நிரப்பிய கைப்பம்பை எடுத்துக்கொண்டு வந்து வரிசையாக எல்லா இலை மேலும் புஸ்புஸ்ஸென்று அடித்துக்கொண்டே போனான். அடிக்கும்போதே, "யாரும் வாயில வெக்காதீங்க, சும்மா கை மட்டும் போவணும்" என்று சொல்லிக்கொண்டும் போனான். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பந்தியின் அந்தக் கோடியில் சொன்னது இந்தக் கோடிக்குப் பாதிதான் வந்தது. கேட்டவர்களும், பந்தியில் வழக்கமாகச் சொல்வதுதானே, இன்னும் பரிமாறி முடியவில்லை போல என்று நினைத்துக்கொண்டார்கள். ஈ போய்விட்டது. அதற்கப்புறம் ஒரு ஈகூட வரவில்லை.

டைரக்டர் ஒரு குழலை வாயில் வைத்துக்கொண்டு பேசினார். அது மட்டும் களம் முழுக்கக் கேட்டது.

"எல்லாரும் கேளுங்க. இது பெரிய பண்ணையார் வீட்டுக் கல்யாணம். நீங்க எல்லாம் வசதியான சொந்தக்காரங்க. நல்லா, ஆசையா சாப்பிடணும். ஏழைப் பையன் ஒருத்தன் பந்தியில வந்து உட்காருவான். அவனைக் கையைப் பிடிச்சு எழுப்பி விடுவாங்க. அவன் பசியோட போவான். நீங்க யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது. சாப்பிட்டுக்கிட்டே இருக்கணும். புரியுதா? ஸ்டார்ட்! சாப்பிடுங்க!"

இதுதான் பெரியவர் சொல்வது. கை வைத்தார்கள்.

துலுக்காணம் ஒரு கவளத்தை வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினான். "மண்ணெண்ண நாறுதுடி."

செல்லியம்மாளும் முகர்ந்து பார்த்தாள். நாறத்தான் செய்தது. "கண்ட்ரோல் அரிசி நாறாம மல்லியப்பூ வாசனையா வரும்? கம்பெனிக்காரன் மட்டும் எங்கபோய் வாங்குவான்? துன்னுயா."

அவன் தின்றான். முதல் கவளம் தொண்டையில் அடைத்தது. இரண்டாவது இறங்கியது. அதற்கப்புறம் அவன் மெல்லவே இல்லை. செல்லியம்மாள் தன் இலையைத் தொடவில்லை. புருஷன் தின்று முடித்த பிறகு அதே இலையில் தின்பதுதான் அவள் பழக்கம். சும்மா கையால் பிசைந்துகொண்டு, தன் வடையை எடுத்து அவன் இலையில் வைத்தாள். பிறகு தன் சோற்றிலும் பாதியை அள்ளி வைத்தாள். சிலர் ஒரு வாய் வைத்துக் குமட்டித் துப்பினார்கள். சிலர் மிஷினைப் பார்த்துக்கொண்டு கையை மட்டும் மேலே கீழே ஆட்டினார்கள். துலுக்காணம் இலையை வழித்துவிட்டான்.

"கட்!" என்றார் டைரக்டர். "என்ன இது, எல்லாம் பொம்மை மாதிரி கையை ஆட்டறீங்க? அதோ அந்த ஆளைப் பாருங்க, அந்தப் பெரிய ஜிப்பா. அவன்தான் சாப்பிடறான். அந்த ஆளையும் அந்தம்மாவையும் கொண்டாந்து ஹீரோவுக்குப் பின்னாடி போடு. புது இலை வை."

மேனேஜர் பரசுராமனே வந்து துலுக்காணத்தின் தோளைத் தட்டினார். "ஏய், சபாஷ்! அதே மாதிரி பண்ணு."

வாழ்நாளில் வேலை செய்ததற்கு யாரும் அவனைத் தட்டிக்கொடுத்ததில்லை. புது இலை வந்தது. பம்பு ஆளும் வந்தான். துலுக்காணம் இரண்டாவது இலையையும் தின்றான். செல்லியம்மாள் மறுபடியும் தன் வடையையும் சோற்றையும் அவன் இலைக்கு மாற்றினாள். கதாநாயகன் அவன் முன்னால் கண்ணீர்விட்டு எழுந்து போனார். மூன்றாவது தடவையும் எழுந்து போனார். நான்காவதில் சரியாக வந்தது.

அதற்குள் துலுக்காணத்தின் வாயோரம் எச்சில் ஒழுக ஆரம்பித்திருந்தது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. கை தானாக நடுங்கியது. வைக்கோல்போர் பக்கமாகப் போய் வாந்தி எடுத்தான். எடுத்துக்கொண்டே இருந்தான். செல்லியம்மாள் அந்தப் பட்டுச் சேலையாலேயே அவன் வாயைத் துடைக்க, ஒருத்தன் ஓடிவந்து சேலையைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னான்.

பரசுராமன் வந்து பார்த்தார். "காஞ்ச வயிறு, ஒரேயடியா துன்னுட்டான். ஒரு சோடா வாங்கிக் குடு, சரியாப் பூடும்." அவர் முகத்திலும் வேர்வை இருந்தது. வேன்கள் நாலு மணிக்குக் கிளம்பிவிட்டன. போகும்போது தலைக்கு இரண்டு ரூபாயும் ஒரு எலுமிச்சம்பழச் சோற்றுப் பொட்டலமும் எண்ணிக் கொடுத்தார்கள். செல்லியம்மாள் கையில் இரண்டு பொட்டலம் இருந்தது.

ரங்கசாமியின் மாட்டு வண்டியில் துலுக்காணத்தைப் போட்டுத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். அவன் கண்ணைத் திறந்தபடியே கிடந்தான். மூச்சு சளி கட்டினாற்போல் இழுத்தது. வழியில் வெங்கல் ஊரைக்கூட உயிரோடு தாண்டவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். பொட்டலம் இரண்டும் வண்டியிலேயே இருந்தது. யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.

இறப்புப் புத்தகத்தில் ரங்கசாமி "வயிற்றுப்போக்கு" என்று எழுதினார்.

"அய்யா, கம்பெனி சோறு துன்னு செத்தாருன்னு எழுதுங்க" என்றாள் செல்லியம்மாள்.

"எழுதினா போலீசு வரும். பொதைச்ச பொணத்தத் தோண்டுவான். என் களத்துல நடந்துச்சுன்னு என்னையும் கோர்ட்டுக்கு இழுப்பான். நீ வருவியா ஜாமீனுக்கு?"

பதினாறாம் நாள் கருமாதிக்கு ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட வேண்டும். போடாவிட்டால் சேரியில் தலைகாட்ட முடியாது. பட்டினி கிடந்தவனுக்குச் செத்த பிறகும் சோறு போடாமல் விட்டாள் என்ற பேச்சை அவளால் தாங்க முடியாது. அந்த வருஷத்தில் எந்த வீட்டிலும் கைப்பிடி நெல் கிடையாது. ரங்கசாமியிடம்தான் இருந்தது. இரண்டு மூட்டை கொடுத்தார். முதலைத் தீர்க்கிற வரைக்கும் அவர் வயலில் நடவு, களை, அறுப்பு எல்லாம் கூலி இல்லாமல். அந்தக் கூலி வட்டிக்குப் போகும், முதல் அப்படியே நிற்கும். "கம்பெனிக்காரன் டப்பு குடுத்தான்னா மொதல்ல எங்கிட்ட வை" என்றார்.

கருமாதிக்குக் கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்திருந்த அருணகிரி அண்ணியை அழைத்துக்கொண்டு கோடம்பாக்கத்துக்குப் போனான். இரண்டு நாள் வாசலில் உட்கார்ந்து மூன்றாம் நாள் பரசுராமனைப் பார்த்தார்கள். அவர் நோட்டைப் புரட்டினார்.

"இதுல பேரே இல்லியேம்மா. அறுவது பேருன்னுதான் கீது. உன் புருசன் அன்னிக்கு வந்தான்னு யாரு சொல்றது?"

"நீங்கதான சார் தோளத் தட்டிக் குடுத்தீங்க."

"ஒரு நாளைக்கு நூறு பேரத் தட்டுவேன். இதோ பாரு, படம் வரட்டும். படத்துல அவன் இருந்தான்னா, உங்க முன்சீப்புகிட்ட எழுதி வாங்கிக்கினு வா. முதலாளிகிட்ட சொல்லி ஏதாவது பண்றேன்."

ஊருக்கு வந்து சொன்னபோது ரங்கசாமியும் ஒப்புக்கொண்டார். "படத்துல துலுக்காணம் கீறான்னா நானே எழுதித் தரேன். இந்தச் சோறு துன்னுதான் செத்தான்னு. போதுமா?" ஊர் ஆட்கள் நாலு பேர் முன்னால் சொன்னார். படம் வெளியே வரும் என்றே அவர் நினைக்கவில்லை. பாதியில் நின்றுபோன படங்களைப் பற்றி அவருக்கும் தெரியும்.

இரண்டு வருஷம் போனது. இரண்டு வருஷமும் செல்லியம்மாள் அவர் வயலில் குனிந்தாள். அறுப்பு முடிந்து மற்ற பெண்கள் கூலி நெல்லை முறத்தில் வாங்கிப் போகும்போது இவள் வெறும் முறத்தோடு வருவாள். "இன்னா செல்லி, முறம் காத்து வாங்கவா?" என்று கேட்பார்கள். பக்கத்து ஊரில் சாணி வாரி வறட்டி தட்டி விற்று வயிற்றைக் கழுவினாள்.

அறுபத்தெட்டு ஆடியில் அருணகிரி திடீரென்று வந்து நின்றான். உடம்பெல்லாம் செங்கல் புழுதி.

"அண்ணி, படம் வந்துட்டுது. கும்மிடிப்பூண்டி கொட்டாயில பாத்தேன். அண்ணன் கீறான்."

செல்லியம்மாள் வறட்டிக் கையோடு எழுந்தாள். "இன்னா பண்றாரு?"

"துன்னுக்கினு கீறான்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அருணகிரி, "வெள்ளிக்கிழமைலேந்து பெரியபாளையம் கொட்டாய்க்கு வருதாம்" என்றான்.

ஆடி மாதம் பவானியம்மன் கோயிலுக்கு மெட்ராஸிலிருந்தெல்லாம் கூட்டம் வரும். வேப்பிலையை உடம்பில் கட்டிக்கொண்டு சுற்றி வருவார்கள். செல்லியம்மாள் மூன்று நாள் வேப்பங்கிளை ஒடித்துக் கட்டுக் கட்டாகச் சுமந்து போய் விற்றாள். ரங்கசாமியைக் கூப்பிடப் போனபோது அவர் கேட்டார்:

"வரேன். சொன்ன வாக்கு. டிக்கெட் யாரு எடுப்பா?"

"நானே எடுக்கறேங்க அய்யா."

"தரையில குந்த மாட்டேன்."

நாற்காலி டிக்கெட் அவருக்கு. தரை டிக்கெட் அவளுக்கும் அருணகிரிக்கும். சாயங்கால ஆட்டம். கொட்டாய் நிறைந்திருந்தது. மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தார்கள். எல்லார் மடியிலும் வேர்க்கடலை, முறுக்கு, கோயில் பொங்கல். அவித்த கடலைத் தோலை முன்னால் இருக்கிறவன் தலையில் போட்டுக்கொண்டு படம் பார்த்தார்கள்.

படத்தில் கதாநாயகனுக்கு ஆரம்பத்திலிருந்தே பசி. அம்மாவுக்குச் சோறு இல்லை. தங்கைக்குக் கஞ்சி இல்லை. அவர் கன்னம் மட்டும் உப்பலாக இருந்தது. அவர் குழாய்த் தண்ணீரைக் குடித்து வயிற்றில் ஈரத் துணி கட்டிக்கொண்டபோது செல்லியம்மாளுக்குப் பக்கத்தில் இருந்த பெண் மூக்கைச் சிந்தினாள். வாயில் முறுக்கு இருந்தது.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் பந்தி வந்தது.

ரங்கசாமியின் களம் அது. ஆனால் எந்த ஊரிலும் இல்லாத பெரிய மாளிகை மாதிரி தெரிந்தது. கதாநாயகன் இலை முன்னால் உட்கார்ந்தார். அவர் தோளுக்குப் பின்னால், அந்தப் பெரிய ஜிப்பாவுக்குள், துலுக்காணம்.

முகம் தெளிவாகத் தெரிந்தது. செல்லியம்மாளிடம் அவன் படம் எதுவும் கிடையாது. இரண்டு வருஷத்தில் மறந்துபோயிருந்த ஒரு தழும்பு, புருவத்து மேலே, அங்கே இருந்தது. அவன் சோற்றைப் பெரிய பெரிய கவளமாக உருட்டி வாயில் திணித்தான். கன்னம் இரண்டும் புடைத்தது. கண் பாதி மூடியிருந்தது.

பண்ணையார் வந்து கதாநாயகனின் கையைப் பிடித்து இழுத்தார். கதாநாயகன் இலையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே எழுந்தார். கொட்டாயில் பெண்கள் சத்தமாக அழுதார்கள். பின்னால் துலுக்காணம் தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தான்.

"பின்னாடி கீறான் பாருடா ஒருத்தன்! பச்சப் புள்ள பசியோட எழுந்து போறான், இவன் இன்னா மொக்கு மொக்கறான்!" என்று ஒருத்தன் கத்தினான்.

"வெக்கங்கெட்ட நாயி! துன்னுடா, துன்னு! வயிறு வெடிச்சுச் சாவு!" இன்னொருத்தன் கடலைத் தோலை அள்ளித் திரையின் மேல் எறிந்தான். விசில் பறந்தது.

அருணகிரி எழுந்துவிட்டான். செல்லியம்மாள் அவன் வேட்டியைப் பிடித்து உட்காரவைத்தாள். அவள் கண் திரையைவிட்டு நகரவில்லை. ஏனென்றால் அப்போது பக்கத்திலிருந்து ஒரு கை வந்தது. பட்டுச் சேலைத் தலைப்பு, வளையல், கறுத்த கை. அந்தக் கை ஒரு வடையை அவன் இலையில் வைத்தது. அப்புறம் சோற்றை அள்ளி வைத்தது. அவன் திரும்பி அந்தப் பக்கம் பார்த்து, வாய் நிறையச் சோற்றோடு, சிரித்தான்.

சிரித்தது அவளுக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்கு அவள் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பொண்டாட்டி வேற எடுத்து எடுத்து வெக்கறா! எங்கடா புடிச்சாங்க இந்த ஜோடிய?" கொட்டாய் சிரித்தது.

இடைவேளை விளக்குப் போட்டதும் செல்லியம்மாள் நாற்காலிப் பக்கம் போனாள். ரங்கசாமி சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா அய்யா?"

"பாத்தேன். துலுக்காணந்தான். சந்தேகமில்ல."

"அப்போ எழுதிக் குடுங்க."

ரங்கசாமி சோடாவை முழுக்கக் குடித்து முடித்தார். "இன்னான்னு எழுதறது செல்லி? நீயே சொல்லு. படத்துல அவன் இன்னா பண்றான்? நல்லா துன்றான். சிரிக்கறான். சாவற ஆளு மாதிரியா கீறான்? இத்தப் பாத்தா எந்த ஆபீசரும் இன்னா சொல்லுவான்? கம்பெனிக்காரன் மகராசன், பட்டினி கெடந்தவனுக்குச் சோறு போட்டான்னு சொல்லுவான்."

"மருந்து அடிச்சாங்களே அய்யா. நீங்களும் அங்கதான குந்திக்கினு இருந்தீங்க?"

"பம்பு படத்துல தெரிஞ்சுதா?"

அவள் திரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"தெரியல இல்ல? கம்பெனிக்காரன் கை எங்கயாவது தெரிஞ்சுதா? அதுவும் தெரியல. ஒரே ஒரு கை தெரிஞ்சுது. அது யாரு கை?" அவர் குரலைத் தாழ்த்தினார். அதட்டவில்லை. ஒரு கணக்கை விளக்குகிற மாதிரிதான் பேசினார். "நான் எழுதினேன்னா, இந்தச் சோறு துன்னு செத்தான்னு எழுதணும். சோறு வெச்சது யாருன்னு கேப்பான். படத்தப் போட்டுப் பாப்பான். நீ ஜெயிலுக்குப் பூடுவடி. உனக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அருணகிரி, "அய்யா, நீங்க நாலு பேரு எதிர்ல வாக்குக் குடுத்தீங்க" என்றான்.

"படத்துல கீறான்னு எழுதித் தரேன்னேன். கீறான். வா நாளைக்கு, எழுதித் தரேன். துலுக்காணம் என்பவன் பந்தியில் குந்தி வயிறாரச் சாப்பிட்டான்னு. வோணுமா?"

விளக்கு அணைந்தது. ரங்கசாமி மீதிப் படத்தைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார். நாற்காலி டிக்கெட்டை வீணாக்குவானேன். செல்லியம்மாளும் அருணகிரியும் வெளியே வந்தார்கள். கோயில் பக்கம் உடுக்கை அடித்துக்கொண்டிருந்தார்கள். படுதாவுக்கு உள்ளேயிருந்து கதாநாயகனின் பாட்டு கேட்டது.

"அண்ணி, நீ இன்னா பண்ணுவ? உனக்கு இன்னா தெரியும் அது மருந்துன்னு?" என்றான் அருணகிரி.

"நாறுதுன்னாரு" என்றாள் அவள். "நான்தான் துன்னச் சொன்னேன்."

"அந்த டைரக்டரும்தான் சொன்னான்."

"அவன் சொன்னது அவருக்குக் கேட்டுதோ இல்லியோ. நான் சொன்னது கேட்டுது."

சூளைக்குத் திரும்ப வேண்டும், கடைசி பஸ் போய்விடும் என்று அருணகிரி கிளம்பினான். அண்ணிக்கு ஒரு ரூபாய் கொடுத்தான். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு வாங்கிக்கொண்டாள்.

படம் பெரியபாளையத்தில் பதினொரு நாள் ஓடியது. ஊரில் பார்க்காதவர்கள் இல்லை. பந்தி வருகிற இடத்தில் ஒவ்வொரு நாளும் திட்டினார்கள். செல்லியம்மாளைத் தெருவில் பார்க்கிற பிள்ளைகள் வாயைப் புடைத்துக்கொண்டு மெல்லுகிற மாதிரி காட்டிவிட்டு ஓடின. அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. சினிமாவில் வந்த ஆளின் பெண்சாதி என்று அவளைப் பார்க்க அவர்களுக்கு ஆசைதான்.

அவள் இரண்டாவது தடவை போகவில்லை. பன்னிரண்டாம் நாள் கொட்டாய்க்காரன் படப்பெட்டியை மாட்டு வண்டியில் ஏற்றித் திருவள்ளூர் ரயிலுக்கு அனுப்பினான். வண்டி வயலோரமாகப் போனபோது அவள் நாற்று முடியைக் கையில் வைத்துக்கொண்டு சேற்றில் நின்றாள். அந்த வருஷம் மழை பெய்திருந்தது. வரப்பில் ரங்கசாமி குடையோடு நின்று, "கை நிக்குது பாரு" என்று சத்தம் போட்டார். அவள் குனிந்துகொண்டாள்.

கருமாதிக்கு வாங்கிய இரண்டு மூட்டை நெல்லும் பாக்கி.